வாசகர் கேள்வி: ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளேயும் வெளியேயும்

பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐ.சி.யூ.) பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி பெற்றோர் எழுதியவை, மீதி உள்ளே வேலை செய்பவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கத்தாரும் ஒரே இடத்தில்தான் நோகிறார்கள்: ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. பதில்களில் வரும் அளவுகள் விளக்கத்துக்காக. உங்கள் பிள்ளைக்கு உரிய அளவை அங்கே பார்க்கும் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

கேள்வி: எங்கள் மூன்று வயது மகன் நிமோனியாவோடு ஐந்து நாள் வென்டிலேற்றரில் இருந்தான். ஒருநாள் காலையில் வந்த டொக்டர், "இன்றைக்கு ரியூப்பை எடுத்துவிடுவோம்" என்றார். பின்னேரம் வந்தவர், "இன்னும் இரண்டு நாளாவது போகட்டும்" என்றார். இரவுக் கடமைக்கு வந்த தாதி மிஸ்ஸுக்கு இரண்டுமே தெரியாது. பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் யார் எங்களுக்குப் பொய் சொன்னது என்ற கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பொய் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் அந்த டொக்டர் மனதில் வைத்திருந்த வாக்கியத்தில் ஓர் 'ஆல்' இருந்திருக்கும்: ஒக்சிசன் தேவை குறைந்தால், பிள்ளை நன்றாக விழித்தால், சளி குறைந்தால். அந்த 'ஆல்' உங்கள் காதுக்கு வருமுன் விழுந்துவிட்டது.

ரியூப்பை, அதாவது மெஷினிலிருந்து மூச்சுக்குழலுக்குள் போட்ட குழாயை, எடுப்பதென்றால் பல விடயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும். கொடுக்கும் ஒக்சிசன் 40 வீதமளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். மெஷின் தரும் அழுத்தம் குறைந்த பிறகும் பிள்ளை தானாக மூச்சிழுக்க வேண்டும். தூக்க மருந்து தெளிந்து இருமல் பலமாக வரவேண்டும். மணிக்கு மணி சளி உறிஞ்ச வேண்டியிருந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை. இவை போதாதென்று, மூக்குக் குழாயால் போகும் பாலை நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலம் முன்பே நிறுத்த வேண்டும். தொண்டை வீங்கும் என்ற பயம் இருந்தால் வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்தையும் மணிக்கணக்காக முந்தியே தொடங்க வேண்டும்.

இனி நடப்பதைப் பாருங்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு எடுப்பதாகக் காலையில் முடிவாகிறது. ஒரு மணிக்குக் கடமைக்கு வந்த தாதிக்கு அது சொல்லப்படவில்லை. வழக்கம்போலப் பால் கொடுக்கிறார். வயிறு நிறைந்த பிள்ளைக்கு ரியூப்பை எடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம், ஆகவே நாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள். உங்களுக்குக் கேட்பதோ "இன்றைக்கு இல்லை" என்ற ஒரு சொல். பிள்ளைக்குக் கூடிவிட்டது என்று நீங்கள் நினைப்பதில் என்ன பிழை? உங்கள் மகனுக்கு இதுதான் நடந்தது என்று சொல்ல எங்களால் முடியாது. ஆனால் இந்த வகைத் தள்ளிப்போதல் எந்த நாட்டு ஐ.சி.யூ.வுக்கும் பழக்கமானது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், பெரியவர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில், 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் தொட்டது. நோயாளிக்கு இன்றைய இலக்கு என்ன என்பது தங்களுக்கு விளங்கியதாகச் சொன்ன டொக்டர்களும் தாதிகளும் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒவ்வொரு கட்டிலிலும் ஒற்றைத் தாளில் அன்றைய இலக்குகளை எழுதத் தொடங்கிய பிறகு அது 95 வீதத்தைத் தாண்டியது. செலவு ஒரு தாளும் ஒரு பேனையும்.

நீங்கள் செய்யக்கூடியது: டொக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பார்க்கும் காலை ரவுண்ட் முடிந்ததும் மூன்று பகுதியுள்ள ஒரே கேள்வியைக் கேளுங்கள். "இன்றைக்கு என்ன நடக்கவேண்டும், எது வந்தால் அது தள்ளிப்போகும், எத்தனை மணிக்குத் தெரியும்?" பதிலை அப்படியே கொப்பியில் எழுதி, அடுத்த கடமைக்கு வருபவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அரச ஆஸ்பத்திரிகளில் தாதிகள் பொதுவாகக் காலை 7, பகல் 1, இரவு 7 மணிக்கு மாறுகிறார்கள். அந்தக் கால்மணி நேரம் கேள்வி கேட்க உகந்ததல்ல. அது முடிந்து பத்து நிமிடம் விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரும்போது எங்கள் யூனிட்டில் சந்தைக் கடைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், பிறகு ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. படிவம் ஒன்று செய்ய யோசிக்கிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?
— தாதிய உத்தியோகத்தர், கொழும்பு 8

பதில்: படிவம் இரண்டாவது வேலை. முதலில் ஒழுங்கு. லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் ஆஸ்பத்திரி, இருதய சத்திரசிகிச்சை முடிந்து வரும் பிள்ளைகளைக் கையளிக்கும் முறையைத் திருத்துவதற்கு ஃபெராரி பந்தயக் கார் அணியிடம் பாடம் கேட்டது. சில்லு மாற்றும் சில விநாடிகளில் அங்கே யாரும் வீணாக வாய் திறப்பதில்லை. ஆளுக்கொரு வேலை, ஒருவருக்கே தலைமை. 2007இல் வெளியான முடிவின்படி, ஒரு கையளிப்பில் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகவும், சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07 ஆகவும் இறங்கின.

இந்த ஒழுங்கை உங்கள் யூனிட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பிள்ளை தியேட்டரை விட்டு வெளிக்கிட அரை மணிக்கு முன் ஓர் அழைப்பு: நிறை, ரியூப்பின் அளவும் ஆழமும், இரத்தக் குழாயில் எந்த எந்த லைன், ஓடும் மருந்துகளும் அவற்றின் வேகமும், இரத்தம் தேவையா. அதைக் கேட்டு வென்டிலேற்றரைச் செற் பண்ணி, சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும், நிறைக்கேற்ற அம்பு பையையும் முகமூடியையும் தலைமாட்டில் வையுங்கள்.

பிள்ளை வந்ததும் முதற்கட்டம் மெஷின் மாற்றம் மட்டுமே. ஒருவர் மூச்சு, ஒருவர் மொனிற்றர், ஒருவர் பம்புகள், ஒருவர் வடிகுழாய்கள். நோய் விபரம் யாரும் பேசக் கூடாது. மயக்க மருந்து டொக்டர்தான் தலைவர். நெஞ்சு இரு பக்கமும் ஏறி இறங்குகிறதா, மொனிற்றரில் வெளிமூச்சின் கார்பனீரொட்சைட் கோடு தெரிகிறதா என்று பார்த்து அவர் "சரி" என்ற பிறகே அடுத்தது.

இரண்டாம் கட்டத்தில் எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். முதலில் மயக்க மருந்து டொக்டர், பிறகு சத்திரசிகிச்சை நிபுணர். இந்த இரண்டு மூன்று நிமிடத்தில் இரத்தம் எடுக்கப் போகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை மெதுவாக நிறுத்துங்கள். மூன்றாவதாகக் கேள்விகள். கடைசியில் ஐ.சி.யூ. டொக்டர் தனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லவேண்டும்: "அடுத்த ஆறு மணித்தியாலத்தில் இவற்றைப் பார்க்கப் போகிறோம், இந்த எல்லை தாண்டினால் இன்னாரைக் கூப்பிடுவோம்."

படிவத்தில் கட்டாயம் இலக்கமாக இருக்க வேண்டியவற்றில் முதலாவது ரியூப் ஆழம். நான்கு வயதுப் பிள்ளைக்கு கஃப் (காற்று ஊதும் வளையம்) உள்ள ரியூப் பெரும்பாலும் 4.5 மில்லிமீற்றர், உதட்டில் ஆழம் வயதில் பாதியோடு 12 கூட்டி 14 சென்ரிமீற்றர். கழுத்தை மடித்தால் ரியூப் உள்ளே இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். கட்டில் மாற்றும்போது நடப்பதே அதுதான். "ரியூப் நல்லம்" என்று எழுதினால் இரவு மூன்று மணிக்கு அது யாருக்கும் உதவாது. அடுத்து, கடைசியாக எந்த மருந்து, எத்தனை மணிக்கு. அடுத்து, வடிகுழாயில் கிளிப் திறந்திருக்கிறதா. வழியில் போட்ட கிளிப்பைக் கழற்ற மறந்து, நெஞ்சுக்குள் இரத்தம் தேங்கிய பிறகு தேடுவது நடக்கக்கூடிய பிழை. பம்பின் பற்றரி, பெயர் ஒட்டாத சிரிஞ்ச் இரண்டையும் ஒரு வரியில் சேருங்கள்.

கடைசி வரியை எல்லாப் படிவமும் மறந்துவிடும்: பெற்றோருக்கு யார், எத்தனை மணிக்குச் சொன்னார். வெளியே கதிரையில் இருப்பவர்களுக்கு "வந்துவிட்டார், மெஷினில் போடுகிறோம், முக்கால் மணியில் பார்க்கலாம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடியதை மட்டும் கண்டு, பிறகு இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் கேளாமல் இருந்தவர், சத்திரசிகிச்சை எவ்வளவு திறமாக நடந்திருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

கேள்வி: ஹற்றனிலிருந்து மகளைக் கொழும்புக்கு மாற்றினார்கள். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், ஆஸ்பத்திரிச் சிங்களம் வராது. துப்புரவு செய்யும் அக்கா ஒருவர்தான் தமிழில் சொல்கிறார். அது போதுமா?
— ஒரு தந்தை

பதில்: அந்த அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் போதாது. தண்ணீர் எங்கே, பார்வையாளர் நேரம் எப்போது என்பதற்கு அவர் போதும். நோய் விபரம், சத்திரசிகிச்சைச் சம்மதம், மருந்து அளவு ஆகியவற்றுக்குத் தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. வார்ட் சிஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "தமிழ் தெரிந்த டொக்டர் எந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பார்? அந்த நேரத்துக்கு நான் வருகிறேன்." நேரம் குறித்துக் கேட்டால் பதில் கிடைக்கும். பொதுவாகக் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். பத்து வயது அண்ணனை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தவே வேண்டாம். அவன் பயந்து பாதியை விழுங்கிவிடுவான்.

தமிழில் சொன்னாலும் தடுக்கிவிடும் சொற்கள் சில உண்டு. ஊழியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். "மயக்க மருந்து கொடுத்திருக்கிறோம்" என்றால், பிள்ளை மயங்கிக் கிடக்கிறது என்றே வீட்டுக்குச் சேதி போகும். "தூங்க மருந்து, நிறுத்தினால் எழும்பும்" என்றால் விளங்கும். "கல்ச்சர் நெகட்டிவ்" என்பது நல்ல செய்தி. கிருமி வளரவில்லை என்று அர்த்தம். 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டே அழுபவர்கள் உண்டு. "ஸ்டேபிள்" என்றால் சுகம் என்றல்ல, கடைசிச் சில மணித்தியாலத்தில் மாறவில்லை என்பது மட்டுமே. டொக்டர் சொல்லி முடித்ததும் நீங்கள் உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பிழை அங்கேயே தெரியும்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஏழு சிறுவர் ஆஸ்பத்திரிப் பிரிவுகள் ரவுண்டைப் பெற்றோரோடு, எளிய மொழியில், கடைசியில் பெற்றோர் திருப்பிச் சொல்லும் விதமாக மாற்றின. 2018இல் வெளியான முடிவில், பிழைகளின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தீங்கு செய்த பிழைகள் 37.9 வீதம் குறைந்தன.

கேள்வி: மொனிற்றர் கத்துகிறது, ஒருவரும் ஓடி வருவதில்லை. ஏன்?
— தெஹிவளை

பதில்: பெரும்பாலும் விரலில் மாட்டிய சென்சர் அசைந்ததால் வரும் சத்தம் அது. அனுபவப்பட்ட தாதிக்குத் தொனியிலேயே தெரியும். பொதுவாகச் சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் சீக்கிரம், நீலம் என்றால் கருவி சார்ந்த சிறு அறிவிப்பு. நீங்கள் திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். நிறம் மாறினால், நெஞ்சு அசையாவிட்டால், ரியூப் விலகியது போலத் தெரிந்தால் உரக்கக் கூப்பிடுங்கள். சத்தத்தை நிறுத்தும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஊழியர்களுக்கும் ஒரு சொல்: வந்து நிறுத்திவிட்டுப் பேசாமல் போகாமல், "சென்சர்தான் அம்மா" என்று இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: பேரனுக்கு டெங்கு, ஏழு வயது. தண்ணீர் தண்ணீர் என்று அழுதான். மிஸ் அளந்து அளந்து கொடுத்தார். மனம் பொறுக்காமல் நான் செவ்விளநீர் கொடுத்துவிட்டேன். எல்லோரும் என்மேல் பாய்ந்துவிட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இளநீர் கொடுத்தது குற்றமா?
— ஓர் அம்மம்மா, பம்பலப்பிட்டி

பதில்: பாய்ந்திருக்கத் தேவையில்லை. முன்கூட்டியே கணக்கை உங்களுக்கும் காட்டியிருந்தால் நீங்கள் கொடுத்திருக்கவே மாட்டீர்கள். இதோ அந்தக் கணக்கு.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களை ஒட்டி, 24 தொடக்கம் 48 மணித்தியாலம், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்த நேரத்தில் குறைவாகக் கொடுத்தால் இரத்த அழுத்தம் விழும். கூடக் கொடுத்தால் அந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சு முட்டும். அதனால் நம் நாட்டு வழிகாட்டி ஓர் எல்லை வைக்கிறது: நாளாந்தத் தேவையோடு, நிறையில் ஐந்து வீதம். 20 கிலோப் பிள்ளையென்றால், முதல் பத்துக் கிலோவுக்கு 1,000 மில்லிலீற்றர், அடுத்த பத்துக்கு 500, ஐந்து வீதத்துக்கு இன்னும் 1,000. ஆக மொத்தம் 2,500. அது 48 மணித்தியாலத்துக்கு. சேலைனும் வாயால் குடிப்பதும் எல்லாம் அதற்குள். சராசரி மணிக்கு 52 மில்லிலீற்றர்தான். உண்மையில் தொடக்கத்தில் குறைவாகவும், கசிவு உச்சத்தில் கூடவும், பிறகு மறுபடி குறைத்தும் கொடுப்பார்கள்.

இப்போது ஒரு கிளாஸ் 200 மில்லிலீற்றர் என்றால் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலப் பங்கு. ஒரு செவ்விளநீரில் அதற்கும் கூட இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது எழுதப்படாதது. பிள்ளை மணிக்கு கிலோவுக்கு அரை தொடக்கம் ஒரு மில்லிலீற்றர், அதாவது உங்கள் பேரனின் வயதில் 10 தொடக்கம் 20 மில்லிலீற்றர் அளவில் சிறுநீர் கழிக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த மணிக்குச் சேலைனின் வேகத்தைத் தீர்மானிப்பார்கள். கணக்கில் இல்லாத இளநீர் உள்ளே போனால், சிறுநீர் கூடியதைப் பார்த்துப் பிள்ளை தேறுகிறது என்று பிழையாக நினைக்கலாம்.

ஆகவே கொடுத்துவிட்டால் ஒளிக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று உடனே சொல்லுங்கள். ஏச்சு விழும், ஆனால் கணக்குச் சரியாகிவிடும். பப்பாசி இலைச் சாறும் இதே கணக்கில் சேரும். அதைக் குடித்து வாந்தி எடுத்தால் நோயாலா சாற்றாலா என்று தெரியாமலும் போகும். சிவப்பு, கபில நிறப் பானங்களையும் தவிருங்கள். வாந்தியில் இரத்தமா என்று பார்க்க முடியாது. அசுப்பிரினும் இபுபுரோபனும் வேண்டாம்.

வார்ட்டுக்கு: அளவுக் கோடு போட்ட ஒரு கோப்பையும், நேரம்–குடித்தது–கழித்தது என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாளும் அம்மம்மாவின் கையில் கொடுங்கள். "கொடுக்காதே" என்று சொல்லப்பட்டவர் கண் மறைவில் கொடுப்பார். எழுதும் பொறுப்புக் கொடுக்கப்பட்டவர் உங்களைவிடக் கறாராக எழுதுவார். உதடு உலர்ந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். அழுகிற பேரனுக்கு எதையாவது செய்யத்தான் அந்தக் கை துடிக்கிறது.

கேள்வி: பெற்றோரின் திருப்தியை அளக்கச் சொல்லி நிர்வாகம் கேட்கிறது. ஒரு தாளில் ஐந்து முகம் வரைந்து கொடுத்தோம். எல்லோரும் சிரிக்கும் முகத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டார்கள். சந்தோசம்தான். ஆனால் நம்ப முடியவில்லை.
— வார்ட் சிஸ்டர், தனியார் ஆஸ்பத்திரி

பதில்: நம்பாதது நல்லது. பிள்ளை இன்னும் உங்கள் கையில் இருக்கும்போது, உங்கள் முன்னாலேயே, எந்தத் தாய் அழுமுகத்துக்குப் புள்ளடி போடுவாள்? "எல்லாம் நல்லம் மிஸ்" என்பது பதில் அல்ல, மரியாதை.

இதற்கென்றே நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ஜோஸ் லாட்டூர் முதலானோர் 'எம்பதிக்' என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். முதலில் 65 கேள்வி. பிறகு முப்பதாகச் சுருக்கினார்கள். தகவல், பராமரிப்பும் சிகிச்சையும், ஒழுங்கமைப்பு, பெற்றோரின் பங்கேற்பு, ஊழியரின் நடத்தை என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி, பொருந்தாவிட்டால் விடலாம். திருப்தியா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காமல், நடந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் அதன் பலம்.

நடத்தும் விதத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகும். பிள்ளை ஐ.சி.யூ.வை விட்டு வார்ட்டுக்குப் போன பிறகு கொடுங்கள். பிள்ளையைப் பராமரித்த தாதி கொடுக்கவே கூடாது. பெயர் வேண்டாம், மூடிய பெட்டியில் போடட்டும். மொழிபெயர்ப்பை ஒருவர் செய்ய, அதை மற்றொருவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும். தமிழ்த் தாளை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு என்று வெவ்வேறு இடத்துப் பெற்றோர் பத்துப் பேரிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, எங்கே தடக்குகிறார்கள் என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வெளியாள் ஒருவர் வாசித்துக் காட்டட்டும். பிள்ளையை இழந்தவர்களுக்கு இந்தத் தாளை நீட்டவே வேண்டாம். சில கிழமை கழித்து மூத்த டொக்டரும் பழகிய தாதியும் சேர்ந்து அவர்களைச் சந்திப்பது வேறு காரியம்.

சராசரியை நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதுவல்ல. சராசரி பெரும்பாலும் ஐந்துக்கு மேல் நிற்கும். எந்தக் கேள்விக்கு மூன்றும் அதற்குக் கீழும் விழுந்தது என்று எண்ணுங்கள். கூடவே அதே பொருளில் ஊழியர்களையும் கேளுங்கள்: "இன்று காலை முடிவானது பகல் கடமைக்கு முழுதாக வந்து சேர்ந்ததா? டொக்டர் சொன்னது பிழையென்று பட்டால் உங்களால் சொல்ல முடிகிறதா?" பெற்றோர் 'தகவல்' பகுதியில் புள்ளி குறைத்த மாதத்தில் ஊழியர்கள் கையளிப்பில் குறைத்திருக்கிறார்களா என்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெற்றோரிடம் புன்னகையோடு பேசும் பயிற்சிக்குக் காசு செலவழிக்குமுன் இதைச் செய்வது நல்லது. எங்கள் கணிப்பில் அநேக முறைப்பாடுகளுக்கு மருந்து புன்னகையில் இல்லை, பகல் ஒரு மணிக் கையளிப்பில் இருக்கிறது.

கேள்வி: பிள்ளைக்கு இருதயம் நின்று, நாங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது பெற்றோர் பக்கத்தில் நிற்கலாமா? எங்கள் பிரிவில் ஆளுக்கொரு கருத்து.
— பயிற்சி டொக்டர்

பதில்: விரும்பினால் நிற்கலாம். அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகள் இரண்டும் அந்த வாய்ப்பைக் கொடுக்கச் சொல்கின்றன. ஆனால் அவர்களுக்கென்று ஓர் ஊழியர் ஒதுக்கப்பட வேண்டும். அவர் கை வேறெதையும் தொடக் கூடாது. கூடவே நின்று, நடப்பதைச் சின்ன வாக்கியங்களில் சொல்லி, வெளியே போக விரும்பினால் கூட்டிப்போவது மட்டுமே அவர் வேலை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பெற்றோர் சுவரோரம் தனியே நிற்பார்கள். அது இரு பக்கத்துக்கும் கொடுமை.

மற்றவர்களின் வேலை கடமை தொடங்கும்போதே பெயர் சொல்லிப் பிரிக்கப்பட வேண்டும்: தலைவர், மூச்சு, அழுத்துபவர் இருவர், மருந்து, நேரம் எழுதுபவர். அழுத்துவது நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120, நெஞ்சின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கு, இரண்டு நிமிடத்துக்கொரு தடவை ஆள் மாற்றம். ரியூப் இல்லாதபோது 15 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கட்டளையைத் திருப்பிச் சொல்லாமல் மருந்து ஏறக் கூடாது. "அட்ரினலின், பத்தாயிரத்திலொன்று, 1.2 மில்லிலீற்றர்" என்று தலைவர் சொன்னால், மருந்து கொடுப்பவர் அதே சொற்களைச் சொல்லி, ஏற்றியதும் நேரத்தைச் சொல்லவேண்டும். 12 கிலோப் பிள்ளைக்கு அது சரியான அளவு. பத்து மடங்கு செறிவான ஆயிரத்திலொன்று குப்பியிலிருந்து நேரே அதே 1.2 ஐ எடுத்தால் பத்து மடங்கு ஏறிவிடும். நிறையை யாரும் கேட்காமலே தெரியும்படி ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் நிறையும் அட்ரினலின் அளவும் எழுதிய அட்டை தொங்கட்டும்.

கேள்வி: பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தாய்க்குத் தெரிகிறது. இலக்கமெல்லாம் நல்லம் என்கிறார்கள். சண்டை பிடிக்காமல் எப்படிச் சொல்வது?
— மட்டக்குளி

பதில்: "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் ஆறுதல் சொல்லுவார்கள். "மாறியிருக்கிறது" என்று சொல்லுங்கள், வந்து பார்ப்பார்கள். நேற்று எப்படி, இன்று எப்படி, எப்போதிலிருந்து என்று மூன்றையும் சேருங்கள்: "நேற்று என் விரலைப் பிடித்தான், இன்று காலை பத்து மணியிலிருந்து பிடிக்கவில்லை. கால் குளிர்ந்திருக்கிறது. டொக்டர் வந்து பார்க்க வேண்டும்." முதலில் கட்டில் தாதி, பிறகு வார்ட் சிஸ்டர், பிறகு கடமையிலுள்ள டொக்டர். அரை மணியில் ஒருவரும் வராவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். அது தாதியைக் காட்டிக்கொடுப்பதல்ல.

இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, பெற்றோர் திரும்பத் திரும்ப எச்சரித்தும் கிருமித் தொற்று முற்றி இறந்தாள். 2024இலிருந்து அங்கே 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் இரவு பகல் எந்நேரமும் வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லக் குடும்பத்துக்கு அந்த விதி வழி செய்கிறது. அதோடு, நேற்றைக்கு இன்று எப்படி என்று குடும்பத்தை நாள்தோறும் ஊழியர்களே கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்குச் சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. எந்த வார்ட்டும் நாளைக் காலை ரவுண்டிலேயே கேட்கத் தொடங்கலாம்.

கேள்வி: மகள் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐ.சி.யூ. ஆட்களுக்கு ஏதாவது கொடுக்க ஆசை. என்ன கொடுக்கலாம்?
— மருதானை

பதில்: காசு வேண்டவே வேண்டாம். உள்ளே சாப்பாடும் கூடாது, வெளியே ஊழியர் அறையில் கொடுக்கலாம். பகல் பதினொரு மணிக்குக் கேக் பெட்டியோடு போனால் இரவு முழுக்க உங்கள் மகளுக்குச் சளி எடுத்தவருக்கு ஒரு துண்டும் கிடைக்காது. காலை ஏழு மணிக்குச் சற்று முன் போங்கள், இரண்டு கடமை ஆட்களும் இருப்பார்கள். கையளிப்பு முடியும்வரை வெளியே நில்லுங்கள். கூடவே ஒரு கடிதம்: யார், எந்த நாள், என்ன செய்தார் என்று பெயரோடு. பெயர் தெரியாவிட்டால் "செவ்வாய் இரவு, மூன்றாம் கட்டில்" என்று எழுதினாலே அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.